மூட்டை எங்கே கிடக்கிறது?

பாரம் தூக்குகிறவன் என்று தெரிந்ததும் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை கிலோ தூக்குவீங்க?" என்பதுதான். டீக்கடையில் கேட்பார்கள், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்பார். தொழிலில் இருக்கிறவன் கேட்பது வேறு. "மூட்டை எங்க கிடக்கு?" லாரித் தட்டிலா, தரையிலா, மூட்டைகளை அடுக்கி வைத்த அட்டியின் உச்சியிலா, சுவரோரம் சந்துக்குள்ளா? கனம் தெரிந்தால் கூலி பேசலாம். இடம் தெரிந்தால்தான் இடுப்பு தப்புமா என்று சொல்ல முடியும்.

திருச்சி காந்தி மார்க்கெட்டில் வெங்காய மூட்டை இறக்கித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். அப்புறம் அரிசி குடோன், கொஞ்ச காலம் வீடு மாற்றித் தருகிற வேலை, இப்போது மறுபடியும் ஒரு குடோனில் மேஸ்திரி. எங்களில் பாதிப் பேருக்கு நாற்பது வயதுக்கு மேல் ஏதாவது ஒரு பிடிப்பு இருக்கும். ஆனால் கவனித்துப் பார்த்தால் ஒன்று தெரியும். நூறு கிலோ சர்க்கரை மூட்டையை வருஷக்கணக்காகச் சுமந்த பெரியவர் இன்றைக்கும் நிமிர்ந்து நடக்கிறார். கீழே விழுந்த ஒரு கால்குலேட்டரைக் குனிந்து எடுத்த குமாஸ்தா மூன்று வாரம் படுக்கையில் கிடக்கிறார். இந்தக் கணக்கு எனக்கு வெகுநாள் பிடிபடவில்லை.

லாரியில் மூட்டை வாங்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் பாதி விளங்கிவிடும். பின்கதவை இறக்கினால் லாரித் தட்டு ஏறக்குறைய நெஞ்சு உயரத்தில் இருக்கும். மேலே இரண்டு பேர் மூட்டையைக் கொக்கி போட்டு விளிம்புக்கு இழுத்து, காதைப் பிடித்து நிமிர்த்தி வைப்பார்கள். சாக்கைத் தைக்கும்போது இரண்டு மூலையிலும் பிடிக்கத் தோதாகக் குஞ்சம் மாதிரி விடுவதைத்தான் காது என்போம். கீழே நிற்கிறவன் லாரிக்கு முதுகைக் காட்டி, கால்களைத் தோளகலத்துக்கு வைத்து, முழங்காலை லேசாகத் தளர்த்தி நிற்பான். மூட்டை சரிந்து அவன் பிடரிக்கும் தோளுக்கும் நடுவில் வந்து உட்காரும். மேலே இருக்கிறவன் "சரி" என்று கையை எடுக்கிற வரைக்கும் கீழே இருக்கிறவன் அடியெடுத்து வைக்கக் கூடாது. வைத்த பிறகு நிற்கவும் கூடாது. குட்டி குட்டி எட்டாக, ஓட்டமும் நடையுமாகப் போய் அட்டியில் தோள் உயரத்துக்கே சாய்த்துவிடுவான்.

இதில் 'தூக்குதல்' என்ற வேலையே இல்லை. மூட்டை மேலிருந்து வருகிறது, நேராக முதுகெலும்பின் மேல் அமர்கிறது, அதே உயரத்தில் இறங்குகிறது. சுமப்பது கால். முதுகு நடுவில் தூண் மாதிரி நின்றால் போதும். அந்தப் பெரியவர் நூறு கிலோவுக்குத் தப்பித்த ரகசியம் இதுதான். கழுத்து எலும்பு தேய்கிறது, முழங்கால் தேய்கிறது, அதை இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் இடுப்பு முறிகிற இடம் வேறு. அட்டியின் கடைசி வரிசை, தரையோடு தரையாகக் கிடக்கிற மூட்டை. அதை எடுக்கும்போதுதான் "அம்மா" என்று சத்தம் வரும்.

குடோனில் ஒருமுறை பாதுகாப்பு வகுப்பு எடுத்தார்கள். வந்தவர் கணக்கோடு பேசினார், அது என் மண்டையில் நின்றது. இடுப்புக்குப் பின்னால் முதுகெலும்பை ஒட்டி ஓடுகிற தசை, எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் ஜவ்விலிருந்து ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. முன்னால் நாம் கையை நீட்டிப் பிடிக்கிற பாரமோ 50 சென்டிமீட்டர் தள்ளி. தூக்குக்கோல் தராசில் ஒரு பக்கம் கை குட்டை, மறுபக்கம் கை பத்து மடங்கு நீளம் என்றால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும். 20 கிலோ பாரத்தைச் சமன்செய்யத் தசை 200 கிலோ இழுவை கொடுக்க வேண்டும். அந்த இழுவை முழுக்க ஜவ்வின் மேல் அழுத்தமாக இறங்குகிறது. இது போக, குனிந்தால் தலை, கை, நெஞ்சு எல்லாம் சேர்ந்து உடம்பின் பாதிக்கு மேற்பட்ட எடை முன்னால் தொங்குகிறது. கால்குலேட்டர் எடுத்த குமாஸ்தா வெறுங்கையோடு குனிந்தாலும் அவர் இடுப்பு தூக்கியது அவருடைய மேலுடம்பை.

ஸ்வீடன் நாட்டு எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960-களில் ஆட்களின் ஜவ்வுக்குள்ளேயே ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நேராக நிற்கும்போது இருப்பதை 100 என்று வைத்துக்கொண்டால், முன்னால் குனிந்தால் 150, குனிந்து கையில் பாரமும் பிடித்தால் 220 என்று அவருடைய கணக்கு போகிறது. உட்கார்ந்திருந்தால்கூட 140. லாரியில் டிரைவர் பக்கத்தில் ஐந்தாறு மணி நேரம் கூனி உட்கார்ந்து வந்துவிட்டு, குதித்து இறங்கிய கையோடு மூட்டையில் கைவைக்கிற கிளீனர் பையன்களுக்கு ஏன் பிடித்துக்கொள்கிறது என்பதற்கு இதில் பதில் இருக்கிறது.

அந்த வகுப்பில் இன்னொரு கணக்கும் சொன்னார். அமெரிக்க அரசின் நையோஷ் என்ற தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1981-இல் ஒரு சூத்திரம் போட்டு, 1991-இல் அதைத் திருத்தியது. எல்லாம் சரியாக அமைந்தால் ஒரு ஆள் தூக்கலாம் என்று அது சொல்லும் எடை 23 கிலோ. எல்லாம் சரி என்றால், பாரம் தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் உயரத்தில், அதாவது கையைத் தொங்கவிட்டால் விரல் முட்டி இருக்கும் உயரத்தில் இருக்க வேண்டும். உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும். இடுப்பைத் திருப்பக் கூடாது. அடிக்கடி தூக்கக் கூடாது. அதே பாரத்தைத் தரைக்கு இறக்கிவிட்டால் 23 என்பது 18-க்குக் கீழே வந்துவிடும். தரையிலும் கிடந்து, அரை மீட்டர் எட்டியும் பிடிக்க வேண்டியிருந்தால் 9 கிலோகூட இல்லை. எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். "ஒன்பது கிலோவா? என் புள்ளை அதைவிடக் கனம் சார்" என்றான் ஒருத்தன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆள் அதேதான், பாரமும் அதேதான். இடம் மாறினதில் அனுமதி பாதிக்கும் கீழே போய்விட்டது. நாங்கள் மூட்டை எங்கே கிடக்கிறது என்று வாய்வழக்கமாகக் கேட்டு வந்ததை இந்தச் சூத்திரம் எண்ணில் போட்டுக் காட்டியது.

வகுப்பு முடிந்து சுவரில் ஒரு படம் ஒட்டிவிட்டுப் போனார்கள். முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்து ஒருவன் அட்டைப்பெட்டி தூக்குகிற படம். அறிவுரை சரிதான். ஆனால் படத்தில் இருக்கும் பெட்டி அவனுடைய இரண்டு முழங்காலுக்கு நடுவில் அடங்குகிறது. எங்கள் மூட்டை அடங்காது. அகலமான மூட்டைக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தால் முழங்கால் முன்னே நீட்டி, பாரம் இன்னும் தள்ளிப் போய்விடும். அப்போது உட்கார்ந்து தூக்குவதும் குனிந்து தூக்குவதும் இடுப்புக்கு ஒன்றுதான்.

தரை மூட்டையைத் தனியாளாக எடுத்தே ஆகவேண்டும் என்றால் நான் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பது இப்படி. மூட்டையை முதலில் உருட்டி நிமிர்த்து. படுத்திருக்கிற மூட்டையைத் தூக்காதே. நிமிர்ந்து நிற்கிற மூட்டையை ஒட்டி ஒரு முழங்காலைத் தரையில் ஊன்று, இன்னொரு காலை மடக்கிப் பாதத்தை ஊன்று. மூட்டையைத் தொடையின் மேல் சாய்த்து இழு. இப்போது அது தரையில் இல்லை, தொடை உயரத்தில் இருக்கிறது. இரண்டு கையையும் அடியில் கொடுத்து நெஞ்சோடு அணை. மூச்சை லேசாக விட்டுக்கொண்டே எழுந்திரு. தம் கட்டி முக்கினால் குடலிறக்கம் வரலாம், ரத்த அழுத்தக்காரருக்குத் தலை சுற்றும். ஒரே வீச்சில் தரையிலிருந்து தோளுக்கு வீசி ஏற்றுகிற வீரம் எங்கள் குடோனில் கிடையாது. இரண்டாள் இருந்தால் இதுவும் வேண்டாம், ஆளுக்கு இரண்டு மூலையாகப் பிடித்துத் தூக்கி அட்டியில் போடலாம்.

அடுத்த எதிரி திருகல். பாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, காலை நகர்த்தாமல் இடுப்பை மட்டும் திருப்பிப் பக்கத்தில் வைப்பது. தர்பூசணி லாரியிலும் செங்கல் லோடிலும் வரிசையாக நின்று கைமாற்றும்போது இது சர்வசாதாரணமாக நடக்கும். ஒவ்வொரு காயும் நான்கு கிலோவோ ஐந்து கிலோவோதான். ஆனால் ஒரு லோடு முடிவதற்குள் எத்தனை நூறு தடவை இடுப்பு திரும்பியிருக்கும்! "மூக்கு, தொப்புள், கால் கட்டைவிரல் மூணும் ஒரே பக்கம் பாக்கணும்டா தம்பி" என்பேன். கால் முதலில் திரும்பட்டும், உடம்பு பின்னாலேயே வரும். வரிசையில் நிற்பவர்களை நேருக்கு நேர் நிறுத்தாமல் கொஞ்சம் தள்ளித் தள்ளி நிறுத்தினால் இரண்டு எட்டு நடந்துதான் கொடுக்க முடியும். திருகல் தானாக நின்றுவிடும்.

வீடு மாற்றும் வேலைக்குப் போனபோது படிக்கட்டு வேறு பாடம் நடத்தியது. இரும்பு பீரோவை மாடியிலிருந்து இறக்குவதைச் சொல்கிறேன். உள்ளே இருப்பதை எல்லாம் காலி செய்ய வீட்டுக்காரர்கள் சம்மதிக்கமாட்டார்கள். "பட்டுப்புடவை மட்டும்தான் இருக்கு, இருக்கட்டும்" என்பார்கள். காலி பண்ணாமல் தொடக்கூடாது. பிறகு கதவு திறந்துகொள்ளாமல் கயிறு சுற்ற வேண்டும். படியில் சாய்த்ததும் பாரத்தில் பெரும்பங்கு கீழே பிடிக்கிறவன் பக்கம் போய்விடும், அதனால் உயரமும் பலமும் உள்ள ஆள் கீழே. அடியில் அகலமான நாடாப் பட்டை கொடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டால் கை பிடிக்க மட்டும், சுமப்பது தோளும் காலும். மேலே இருப்பவன் ஒருத்தன் மட்டும்தான் குரல் கொடுப்பான். "ஒண்ணு… இறக்கு… ஒண்ணு… இறக்கு." ஆனால் "வை" என்ற ஒரு சொல்லை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். சொன்ன மறுநொடி எல்லாரும் வைத்துவிட வேண்டும். ஏன் என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். கை வழுக்கியதோ, காலில் செருப்பு மடங்கியதோ, என்னவாக இருந்தாலும் சரி. "என்ன மாப்ள, அதுக்குள்ள களைச்சிட்டியா?" என்று கேலி பண்ணுகிறவனை நான் அடுத்த வேலைக்குக் கூட்டிப் போவதில்லை. கேலிக்குப் பயந்து வாயைத் திறக்காதவன் இடுப்புதான் போகும், கூடவே பீரோவும் போகும்.

பாரம் எங்கிருந்து ஏறி எங்கே இறங்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று நம் முன்னோர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல்லைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்தூண் நட்டு மேலே ஒரு கல்லைக் குறுக்கே போட்டிருப்பார்கள். பிள்ளையை வயிற்றில் சுமந்தபடி இறந்துபோன பெண்களின் நினைவாக அதை வைப்பது வழக்கம். அதன் உயரத்தை மட்டும் பாருங்கள். தலைச்சுமையோடு வருகிறவர் யார் துணையும் இல்லாமல் சுமையைக் கல்லின் மேல் நகர்த்திவிட்டு இளைப்பாறலாம். கிளம்பும்போது தலையைக் கொடுத்து மறுபடி வாங்கிக்கொள்ளலாம். தரைக்கு இறக்கவே வேண்டாம். கட்டட வேலையில் சித்தாள் சும்மாடு கட்டி நிற்க, இன்னொருவர் சாந்துச் சட்டிக்கு ஒரு கை கொடுத்து ஏற்றிவிடுவதும் அதே நியாயம்தான். தூக்கிவிட ஆள் இல்லாமல் ஒரு பெண் தானே குனிந்து சட்டியைத் தலைக்கு ஏற்றுகிற இடத்தில், அந்த மேஸ்திரிக்கு வேலை தெரியவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

மார்க்கெட் வேலை நடுராத்திரிக்கு மேல். லாரி வருகிற வரை பையன்கள் சாக்கை விரித்துத் தூங்குவார்கள். ஹாரன் சத்தம் கேட்டதும் எழுந்து ஓடுவது ஆபத்து. படுத்திருக்கும்போது ஜவ்வு நீரை உறிஞ்சி உப்பிக்கொள்கிறது. காலையில் எழும்போது நாம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாக இருப்பது இதனால்தான். உப்பிய ஜவ்வைச் சட்டென்று மடக்கினால் அதற்குச் சேதம் அதிகம். ஆகையால் எழுந்ததும் டீ, அப்புறம் தார்ப்பாய் கயிற்றை அவிழ்ப்பது, பில்லைச் சரிபார்ப்பது, வழியைப் பெருக்குவது. கல்லும் வெங்காயச் சருகும் கிடக்கிற தரையில் மூட்டையோடு வழுக்கினால் ஜவ்வு மட்டும் போகாது. இதற்கெல்லாம் அரைமணி நேரம் போன பிறகுதான் முதல் மூட்டை.

இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டுவது எங்கள் பழக்கம். அதற்கு விலைகூடின மாற்றாக பெல்ட் வந்திருக்கிறது. பெல்ட் போட்டால் இடுப்பு பத்திரம் என்பதற்குச் சான்று இல்லை என்று நையோஷ் 1994-லேயே சொல்லிவிட்டது. கட்டினால் தெம்பாக இருக்கிறது என்கிறவனைத் தடுக்கமாட்டேன். அந்தத் தெம்பில் கூடுதலாக ஒரு மூட்டையைச் சேர்த்துத் தூக்குவதுதான் தப்பு. இன்னொன்று, எப்படித் தூக்குவது என்று வகுப்பு எடுப்பதால் மட்டும் முதுகுவலி குறைவதாகத் தெரியவில்லை என்று 2008-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வுத் தொகுப்பு வந்தது. அதில் எனக்கு வியப்பே இல்லை. மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி பேசி, விடிவதற்குள் லோடு இறங்க வேண்டும் என்று விரட்டினால், படம் பார்த்துப் படித்ததெல்லாம் பத்தாவது மூட்டையிலேயே மறந்துவிடும்.

பிடித்துக்கொண்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊரில் கால் பக்கமாகப் பிறந்தவரைத் தேடிப்பிடித்து முதுகில் மிதிக்கச் சொல்வார்கள், சுளுக்கு எடுப்பார்கள். ஜவ்வு பிதுங்கியிருந்தால் மிதி அதை மோசமாக்கும். மருத்துவர்கள் இப்போது நாள்கணக்கில் படுத்தே கிடக்கச் சொல்வதில்லை. வலி தாங்குகிற அளவுக்கு நடமாடச் சொல்கிறார்கள். பெரும்பாலான பிடிப்பு சில வாரத்தில் தானே அடங்கிவிடும். பின்தொடை வழியாகக் கெண்டைக்கால் வரை சுண்டி இழுத்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். தொடையிடுக்கில் மரத்துப்போனாலோ, சிறுநீர் மலம் கட்டுப்படவில்லை என்றாலோ, கால் வலுவிழந்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

லோடுமேன்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். வீட்டில் 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தரையிலிருந்து அள்ளி, நெஞ்சு உயர ஸ்டாண்டில் ஒரே தூக்கில் கவிழ்க்கிறீர்களே, அது எங்கள் கடைசி வரிசை மூட்டைக்குச் சமம். நடுவில் ஒரு ஸ்டூல் போடுங்கள். தரையிலிருந்து ஸ்டூலுக்கு, ஒரு மூச்சு விட்டு, ஸ்டூலிலிருந்து ஸ்டாண்டுக்கு. 14.2 கிலோ எரிவாயு உள்ள சிலிண்டர் இரும்போடு சேர்ந்து 30 கிலோ அளவுக்கு வரும். கொண்டுவருகிற தம்பி அதைச் சாய்த்து விளிம்பில் உருட்டுவதைப் பாருங்கள். அவர் தூக்குவது படி வருகிற இடத்தில் மட்டும்தான்.

சட்டம் இல்லாமல் இல்லை. ஆளுக்குக் காயம் வரும் அளவுக்குக் கனமான பாரத்தைத் தூக்கவைக்கக் கூடாது என்று 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 34-ஆம் பிரிவு சொல்கிறது. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967-இல் வயதுவந்த ஆணுக்கு 55 கிலோ என்று ஒரு மேல்வரம்பைப் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கென்றே 1982-இல் தனிச்சட்டம் வந்தது. ஆனாலும் என் அனுபவத்தில் எங்கள் முதுகைக் காப்பாற்றியது மூட்டை சிறுத்ததுதான். 100 கிலோ மூட்டை 50 ஆனது, 75 கிலோ அரிசி மூட்டை போய் 25 கிலோ சிப்பம் வந்தது. அதுவும் எங்களை நினைத்து வந்ததில்லை, கடையில் விற்கத் தோது என்று வந்தது. 2022 ஜூலையில் 25 கிலோ வரை பேக் செய்த அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி போட்டதும், ஆலைக்காரர்கள் சிப்பத்தை 26 கிலோ ஆக்கிவிட்டார்கள். மூட்டையின் எடையை வரி தீர்மானிக்கிறது, வியாபாரம் தீர்மானிக்கிறது. சிமெண்ட் மூட்டை இன்னும் 50 கிலோவிலேயே நிற்கிறது.

எடை எங்கள் கையில் இல்லை, சரி. உயரம் முதலாளி கையில் இருக்கிறது. எந்த அரிசி குடோனுக்குள் நுழைந்தாலும் அட்டிக்கு அடியில் மரச்சட்டம் போட்டிருப்பார்கள். தரை ஈரம் ஏறி அரிசி கெட்டுவிடக் கூடாது என்பதற்காக. அந்தச் சட்டத்தை இன்னும் இரண்டு மூன்று அடுக்கு உயர்த்தினால் கடைசி மூட்டை 75 சென்டிமீட்டரை நெருங்கும். லாரி வந்து நிற்கும் இடத்தில் தட்டின் உயரத்துக்கு ஒரு திண்ணை கட்டினால் மூட்டையை டிராலியில் தள்ளிக்கொண்டே உள்ளே போய்விடலாம். இரண்டும் ஒருமுறைச் செலவு. இப்போது இருக்கும் குடோனில் இந்த இரண்டையும் கேட்டேன். திண்ணைக்கு இடமில்லை என்றார் முதலாளி, சட்டத்துக்குச் சம்மதித்தார். உயரமான சட்டத்தில் அட்டிக்கு ஒரு வரிசை குறைகிறது என்று இன்னமும் குறைப்பட்டுக்கொள்கிறார். அந்த வரிசைதான் எங்கள் ஆட்களின் இடுப்பை வாங்கிக்கொண்டிருந்தது என்று ஒவ்வொரு முறையும் அவருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.